நான் தின்ற முட்டையும் சரவணன் கல்யாணமும்

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்ற தகவலை, மாரடைப்பில் இறந்தவர் வீட்டில் உட்கார்ந்து சொன்னவன் நான். (சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.) ஆகவே இந்தக் கதையைப் படித்துவிட்டு யாராவது என்மேல் பரிதாபப்பட்டால் அது அவர்கள் தப்பு.

நண்பர்கள் நாலு பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தினமும் காலையில் அதில் ஓர் அதிசயத் தகவலைப் போடுவேன். தேன் கெட்டே போகாது, சுறாவுக்கு எலும்பே கிடையாது, இப்படி. இரண்டு பேர் என் தொல்லை தாங்காமல் குழுவின் சத்தத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சரவணன் மட்டும் தவறாமல் ஒரு கட்டைவிரலைப் போடுவான். ராசிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். பேச்சு வராத பிறவி. கடைக்கு வருகிறவர்களிடம்கூட விலையைத் தவிர வேறு பேசமாட்டான்.

அவனுக்கு அப்பா இல்லை. அதனால் பெண் பார்க்கும் பொறுப்பு முழுவதும் தாய்மாமன் குப்புசாமியிடம் இருந்தது. அவர் அதுவரை ஏழு பெண்களைக் கழித்துக்கட்டியிருந்தார். ஒரு வீட்டில் வாசல் சரியில்லை. இன்னொரு வீட்டில் இவர் செருப்பைக் கழற்றும்போது நாய் குரைத்துவிட்டது. எட்டாவதாக வந்தவள் நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் மகள் நித்யா. போட்டோவைப் பார்த்த அன்றே சரவணன் என்னிடம் ஓடி வந்தான்.

"டேய், இந்தப் புள்ளையவும் மாமா வேண்டாம்னுட்டா, அப்பறம் எனக்குக் கல்யாணமே வேண்டாம். நீயும் கூட வா. எனக்குத்தான் பேச வராதே, நீ பேசு."

என்னைப் பார்த்து 'பேசு' என்று உலகத்தில் வேறு யாரும் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

காரில் ஏறியதும் மாமா சட்டம் படித்தார். "காப்பி குடிக்கலாம். அதுக்கு மேல ஒண்ணையும் வாயில வெக்கக்கூடாது. கை நனைச்சா சம்மதம்னு ஆயிப்போகும், தெரியுமில்ல?" பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். பிடிக்கவில்லையென்றால், "ஊருக்குப் போயி சேதி சொல்லி உடறோமுங்க" என்று எழுந்துவிட வேண்டும். நான் பலமாகத் தலையாட்டினேன். விடியும் முன்பே கிளம்பியதால் என் வயிறு அப்போதே காலி.

பெண் வந்து காபி கொடுத்தாள். சரவணன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். பயலுக்குக் காது வரை சிவந்துவிட்டது. மாமா மட்டும் மூக்கை உறிஞ்சினார்.

"ஏனுங்க, காத்தடிச்சா பண்ணை வாசம் ஊட்டுக்குள்ள வருமாட்ட இருக்குதுங்களே?"

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். அடுத்தது அந்த 'சேதி சொல்றோமுங்க' தான். சரவணன் என் தொடையைக் கிள்ளினான், சதையே கையோடு போகிற மாதிரி.

பதறிப்போய் என் வாய்க்கு வந்தது இதுதான்: "ஏனுங்க, பச்சை முட்டை எது, அவிச்ச முட்டை எதுன்னு உடைக்காமலே கண்டுபிடிக்கலாம், தெரியுங்களா?"

பெண்ணின் அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதெப்படீங்க சாமி?"

உள்ளே போன நித்யா கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் இரண்டு முட்டைகளோடு வந்தாள். "எது அவிச்சதுன்னு சொல்லுங்கண்ணா, பாக்கலாம்." தட்டின் ஓரத்தில் உப்பும் மிளகுத்தூளும் இருந்தன. நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

முட்டைகளை மேசைமேல் சுற்றிவிட்டேன். ஒன்று பம்பரமாகச் சுற்றியது, மற்றது தள்ளாடியது. தள்ளாடியதை விரலால் நிறுத்தி, விரலை எடுத்ததும் அது தானாகவே மறுபடி நகர்ந்தது. "உள்ள இருக்கறது இன்னும் சுத்திக்கிட்டே இருக்குதுங்க. அப்ப இது பச்சை!" என்றேன். பெண்ணின் அப்பா கை தட்டினார். (கைதட்டல் கேட்டால் எனக்குக் கண் மண் தெரியாது.) அத்தாட்சிக்காக மற்றதைத் தட்டி, ஓட்டை உரித்துக் காட்டினேன். அந்தச் சூட்டோடு, கோழியின் காது நிறத்தைப் பார்த்தே முட்டையின் நிறத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று அடுத்த பாடத்தையும் ஆரம்பித்தேன். யாருமே கேட்கவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள். குனிந்து பார்த்தால் கையில் பாதி முட்டை, அதன்மேல் மிளகுத்தூள்.

"அடப்பாவி! கை நனைச்சுப்போட்டயேடா!" என்று மாமா அலறினார்.

பெண்ணின் அப்பா சிரித்தார். "அப்பறம் என்னங்க? சம்பந்தம் முடிஞ்சுது!"

"அதெப்படீங்க? இவன் எங்க ஆளே இல்லீங்க. சும்மா வண்டீல ஏறிட்டு வந்தவன்!"

இருபது வருடம் சரவணன் வீட்டில் சோறு தின்றவன் நான். ஒரே வாக்கியத்தில் அந்நியனாகிவிட்டேன். அதுகூடப் பரவாயில்லை. பெண்ணின் அப்பா சிரிப்பை அப்படியே நிறுத்தி, "அப்பிடீங்களா" என்று மெதுவாகச் சொன்னார் பாருங்கள், அப்போதுதான் எனக்கு அழுகை முட்டியது. சரவணன் கல்யாணத்தைக் கெடுத்தே விட்டேன். வாயில் இருந்த பாதி முட்டை உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

சரவணன் எழுந்தான். "அவன் நம்ம ஆளுதானுங்க மாமா," என்றான். என் கையிலிருந்த மீதி முட்டையைப் பிடுங்கித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினான்.

கதவுக்குப் பின்னால் நித்யா சிரித்த சத்தம் கேட்டது. மாமா மருமகனின் வாயைப் பார்த்தார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, இலையப் போடச் சொல்லுங்க," என்றார். அன்றைக்கு அவர் மூன்று தடவை ரசம் கேட்டு வாங்கினார்.

கல்யாணம் முடிந்து ஒருநாள் நித்யாவிடம் கேட்டேன்: "ஏம்மா, சோதனைக்கு எதுக்கு மொளகுத்தூளு?"

"உங்க மாமா துண்ட ஒதறுனதப் பாத்தேனுங்ணா. உங்க பசியவும் பாத்தேன்," என்றாள்.

பிறகு எனக்குப் பெண் பார்க்கும் காலம் வந்தது. புதுச்சட்டை போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். அம்மா கதவைத் திறந்து, "நீ எறங்கு சாமி. உன்ற போட்டோ போதும்," என்று என்னை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் சரவணனை உட்காரவைத்தார். போனவன் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார்ந்து ஆறு இட்லி தின்றுவிட்டு வந்தான்.

இன்றைக்கும் எனக்கும் என் மனைவிக்கும் சண்டை வந்தால், இரண்டு பேரும் முதலில் போன் போட்டுத் திட்டுவது சரவணனைத்தான்.