மவுஸ் தொடாத செய்தி

"பட்டன். பட்டன். பட்டன்."

நோராவின் மேஜை ஸ்பீக்கர் அலறிய அலறலில் அடையாறு ஆபீஸ் மொத்தமும் தலைதூக்கிப் பார்த்தது.

அலறியது, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸாஃப்ட்வேர். பார்வையில்லாத நோரா அதைக் கேட்டுத்தான் வேலை பார்ப்பாள். ஸ்ரீரங்கன் எழுதிய புது மெஸேஜ் புரோகிராமிலோ எல்லாமே படம். எது 'அனுப்பு', எது 'அழி' என்று படிக்கிற ஸாஃப்ட்வேருக்குத் தெரியவில்லை; எல்லாம் 'பட்டன்'தான்.

முதலாளி கோதண்டபாணி அறையை விட்டு வராமலே சொல்லியனுப்பினார். சாயங்காலத்துக்குள் மவுஸைத் தொடாமல் செய்தி போகவேண்டும். இல்லாவிட்டால் ஸ்ரீரங்கனின் வேலை நிரந்தரமாகாது.

அவர் சுபாவம் அப்படி. காதில் எப்போதும் ஹெட்போன். கச்சேரி கேஸட் என்பது ஆபீஸின் முடிவு. காகிதத்தை நீட்டினால், "நீயே படிச்சுச் சொல்லேன்" என்பார்.

என்டர் தட்டினால் செய்தி போகும்படி ஸ்ரீரங்கன் மாற்றினான். நோராவுடையது டைப்ரைட்டரில் பழகிய கை; வரி முடிந்தால் தானாக என்டர் தட்டிவிடும். 'மத்தியானம் எல்லாருக்கும் லீவு' என்ற முதல் வரி போய்ச் சேர்ந்தது. 'கிடையாதாம்' என்ற இரண்டாவது வரி வருவதற்குள் கணக்குப் பிரிவு ஜவஹர் ஸ்கூட்டரில் பாலம் ஏறிவிட்டான். திருப்பிக் கூட்டிவர ஆள் போயிற்று.

அடுத்து எஃப்-12 கீ. அது அந்த ஸாஃப்ட்வேருக்கு மணி சொல்லும் கீ. நோரா தட்டத் தட்ட அது மணி சொன்னது. செய்தி நகரவில்லை.

"மானிட்டரை அணைச்சிட்டு நீங்களே ஒரு தடவை அனுப்பிப் பாருங்க. அப்பதான் என் கஷ்டம் புரியும்" என்றாள் நோரா.

ஸ்ரீரங்கன் பட்டன்களுக்கெல்லாம் பெயர் கொடுத்தான். தன் கம்ப்யூட்டரிலும் அந்த ஸாஃப்ட்வேரைப் போட்டு, மவுஸைப் பிடுங்கி, மானிட்டரை அணைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டான். டேப் கீயைத் தட்டித் தட்டி நகர்ந்து, நோராவுக்கென்று ஒரு செய்தி அடித்தான். ஸாஃப்ட்வேரின் ஆங்கிலக் குரல் படிக்க வசதியாக, ஆங்கில எழுத்தில் தமிழ்:

'ஸாருக்கு ஒரு வரி படிக்கக்கூட ஆள் வேணும். ஊர் மொத்தத்துக்கும் இவர் ஒருத்தர் போதும், சோம்பேறி.'

"மெஸேஜ் ஸென்ட்" என்றது குரல்.

"வந்துச்சா?"

"வந்துச்சு. வெள்ளைக்காரன் வாயால தமிழ்ல திட்டு கேட்கறது நல்லாத்தான் இருக்கு."

சிரிப்புச் சத்தம் கணக்குப் பிரிவிலிருந்தும் வந்தது. ஸ்ரீரங்கன் பதறி மானிட்டரைப் போட்டான். பெறுபவர் கட்டத்தில் தேர்வாகியிருந்தது நோராவின் பெயர் அல்ல, அதற்கு ஒரு வரி மேலே இருந்த 'எல்லோரும்'.

முதலாளி அறைக்கு ஓடினான். அவருடைய மானிட்டர் வழக்கம்போல் இருட்டாகக் கிடந்தது. காதில் ஹெட்போன், முகத்தில் லயிப்பு. பார்க்கவில்லை. ஸ்ரீரங்கனுக்குப் போன உயிர் வந்தது. செய்தியை அழித்துவிட ஓசைப்படாமல் கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினான்.

கோதண்டபாணி ஹெட்போனைக் கழற்றினார்.

"யாரு, ஸ்ரீரங்கனா? யாருக்குப் போறதுங்கறதையும் அது வாய்விட்டுச் சொல்லணும்ப்பா. நோராவை மாதிரிதான் எனக்கும், எல்லாம் காதுலதான் வரது."