முடிச்சுகளை அவிழ்த்த விவரம்

திருவண்ணாமலை,
தீபத்துக்கு மறுநாள், 1979.

மரியாதைக்குரிய சம்பந்தி ராமகிருஷ்ணன் அவர்களுக்கு, பலராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் சேயும் நலம். மற்றவர்கள் நலமா என்பதைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளவும்.

என் மகள் வேதாவின் பிரசவத்தை மிட்வைப்தான் பார்க்க வேண்டும், மருத்துவச்சி கூடவே கூடாது என்று வளைகாப்பன்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டதற்கு, மிட்வைப் வெள்ளைப் புடவையில் பெட்டியோடு வருவாள், மருத்துவச்சி வெற்றிலைப் பையோடு வருவாள் என்று விளக்கமும் சொன்னீர்கள். அதன்படியே மிட்வைப் சந்திரம்மாளிடம் சொல்லி வைத்திருந்தேன். ஆனால் குழந்தை தீபத்தன்று சாயங்காலம் வரத் தீர்மானித்துவிட்டது. சந்திரம்மாளைத் தீபக் கூட்டத்துக்கான மருத்துவ முகாமில் போட்டிருந்தார்கள், செங்கம் ரோட்டில் பஸ் என்ன, சைக்கிள்கூட நகரவில்லை. வேதா அலறினாள், எனக்குக் கைகால் ஓடவில்லை. என் மனைவி தங்கம்மாள் என்னைக் கேட்காமலே பின்தெரு பீபி ஜானைக் கூட்டி வந்துவிட்டாள். வெற்றிலைப் பையோடுதான் வந்தாள்.

வந்தவள் உள்ளே போகுமுன், வீட்டில் ஒரு முடிச்சு, ஒரு பூட்டு இருக்கக்கூடாது, எல்லாவற்றையும் அவிழ்த்து விடுங்கள், பிரசவம் லேசாகும் என்றாள். எங்கள் பக்கத்து வழக்கம்தான். பெற்ற மகள் உள்ளே துடிக்கும்போது யார் நியாயம் பேசுவார்கள்? கொடிக்கயிற்றை அவிழ்த்தேன், துணியெல்லாம் சேற்றில் விழுந்தது. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்தேன், வாளி உள்ளே போய்விட்டது. பெட்டிகளையெல்லாம் திறந்து போட்டேன். பின்னறையில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் தியானத்தில் இருந்தார், உச்சியில் கொண்டை போட்டிருந்தார். சைகை காட்டினேன், பாவம், மறுபேச்சில்லாமல் அவிழ்த்துவிட்டார். என் வேட்டியைப் பார்த்தாள் தங்கம்மாள், இது முடிச்சு இல்லை, சொருகல் என்று வாதாடி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நீங்கள் வளைகாப்புக்கு ஓட்டி வந்து விட்ட கறவை மாட்டையும் அவிழ்த்தேன். அது கூட்டத்தோடு சேர்ந்து கிரிவலம் கிளம்பிவிட்டது. இன்று காலை அடி அண்ணாமலையிலிருந்து ஆள் வந்தது. குங்குமம் வைத்து, மாலை போட்டுப் பிடித்து வைத்திருக்கிறார்களாம், கிரிவலம் வந்தவர்கள் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றே வயிறு உப்பிக் கிடக்கிறதாம்.

இத்தனைக்கும் குழந்தை வரவில்லை. பீபி ஜான் கதவைத் திறந்து, "இன்னும் எங்கியோ ஒரு முடிச்சு கீதுங்க" என்றாள். எனக்கு உடனே ஞாபகம் வந்தது. சுகப்பிரசவம் ஆக வேண்டுமென்று உங்கள் வீட்டம்மா அண்ணாமலையாருக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமி அலமாரியில் வைத்தார்களே, அதுதான். வேண்டுதல் முடிச்சை நிறைவேறுமுன் அவிழ்த்தால் தெய்வக் குற்றம், அவிழ்க்காவிட்டால் மகள் கதி என்ன? துணியைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்ல வெட்கமாயிருக்கிறது, அழுதுவிட்டேன். பீபி ஜானிடமே கேட்டேன்.

"அது சாமி போட்ட முடிச்சா, நீங்க போட்டதா? அவுருங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவிழ்த்தேன். மலையில் தீபம் தெரிந்தது, தெருவெல்லாம் அரோகரா என்றது, அதற்குள் குழந்தையும் கத்தியது. ஆகையால் முடிச்சை அவிழ்த்த குற்றத்துக்கு உங்கள் வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அதை அவிழ்த்ததால்தான் உங்கள் பேத்தி பிறந்தாள் என்பதையும், பயந்தவனாக இருந்தாலும் அவிழ்த்தவன் நான்தான் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்கு ஆசிகள். அண்ணாமலையார் எல்லோரையும் காக்கட்டும், உங்கள் கோபத்திலிருந்து என்னையும்.

இப்படிக்கு,
பலராமன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கம்மாள் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். உங்கள் வீட்டம்மா முடிந்த காசு அவிழாமல் சாமி படத்துக்குப் பின்னால் அப்படியே இருக்கிறது. நான் அவிழ்த்தது, நான் மூக்குப்பொடியை விட வேண்டுமென்று தங்கம்மாள் முடிந்து வைத்ததாம். முடிச்சு இருக்கும்போதே குழந்தை எப்படிப் பிறந்தது என்று, குளிப்பாட்ட வந்த பீபி ஜானைக் கேட்டேன். "பொண்ணு பெத்தா, நான் புடிச்சேன். நடுவுல நீங்க எதுக்கு?" என்கிறாள்.