பூவராகவன் காலமான கதை

போன் மறுபடியும் அடித்தது. பூவராகவன் அப்போது கடையில் ஒரு கல்யாணக் கும்பலுக்கு நடுவே உட்கார்ந்து, மாம்பழக் கலர்ச் சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"வணக்கம் சார், குரு பேசறேன். டேட்டா சயின்ஸ் கோர்ஸ் விஷயமா..."

"கஸ்டமர் இருக்காங்கப்பா."

"அப்ப சாயந்திரம் பேசட்டுமா சார்?"

வேண்டாம் என்ற ஒரு வார்த்தை மட்டும் பூவராகவன் வாயில் வரவே வராது. காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை விற்றே தலை நரைத்தவர். கடையையே கலைத்துப் போட்டுவிட்டு ஒரு கைக்குட்டைகூட வாங்காமல் எழுந்துபோகிறவர்களை, "அடுத்த வாரம் புது டிசைன் வருதும்மா, அவசியம் வாங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்பிப் பழகிய வாய்.

தப்பு அவர்மேல்தான். முதலாளி ஒருநாள் போகிறபோக்கில், "இனிமே யாருக்கு எந்தச் சேலை புடிக்கும்னு கம்ப்யூட்டரே சொல்லிடுமாம் பூவராகா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே போனில் ஒரு விளம்பரம் வந்தது. 'கம்ப்யூட்டரைக் கணிக்கப் பழக்கும் டேட்டா சயின்ஸ், மெஷின் லேர்னிங் கற்றுக்கொள்ளுங்கள். அறிமுக வகுப்பு இலவசம்.' பயத்தில் அமுக்கிவிட்டார். வகுப்பில் ஒருவர் நிறையப் புள்ளிகள் வைத்து, நடுவே ஒரு கோடு இழுத்து, தானே ரொம்ப சந்தோஷப்பட்டுக்கொண்டார். பூவராகவன் பாதியில் தூங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு, கோர்ஸ் விற்கிற அந்தக் கம்பெனியின் குரு அவரைத் தூங்கவிடவில்லை.

ஊரில் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். "ஆன்லைன்தானே சார், எந்த ஊர்ல இருந்தாலும் படிக்கலாம்" என்றான் குரு. கண் சரியாகத் தெரியவில்லை என்றார். "காதால கேட்டாலே போதும் சார்." இங்கிலீஷ் வராது என்றார். குரு சந்தோஷத்தில் கத்தியேவிட்டான். "தமிழ் பேட்ச் ஆரம்பிக்கிறோம் சார்! முதல் பேரே உங்க பேருதான்!"

ஞாயிற்றுக்கிழமை, மனைவி ரேவதி சோறு போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. பூவராகவன் குரலைக் கட்டையாக மாற்றிக்கொண்டார்.

"அவரு இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாரு."

"எங்க போயிருக்காரு சார்?"

எங்கே என்று சொன்னாலும் அங்கேயும் குரு வந்துவிடுவான் என்று பூவராகவனுக்குத் தோன்றியது. "போயிட்டாருப்பா. ஒரேயடியா."

"ஐயோ! எப்ப சார்?"

"போன வாரம். நெஞ்சுவலி."

"நீங்க?"

"தம்பி."

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தார். ரேவதியின் கையில் குழம்புக் கரண்டி அந்தரத்தில் நின்றிருந்தது.

"இப்ப இன்னா சொன்னீங்க?"

"வாய் தவறி வந்துடுச்சு ரேவதி."

"வாய் தவறிப் பேரை மாத்திச் சொல்லுவாங்க. வாய் தவறி யாராவது சாவாங்களா?"

சாயந்திரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய், புருஷன் பேருக்கு அர்ச்சனை செய்து, துளசியை அவர் வாயில் திணித்தாள்.

மறுநாளே குரு கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது.

"தம்பி சார், எங்க ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து நின்னு அண்ணனுக்கு மௌன அஞ்சலி செலுத்தினோம்."

கடையில் பூவராகவனுக்காக யாரும் நாற்காலியைவிட்டுக்கூட எழுந்ததில்லை.

"இன்னொரு விஷயம் சார். வீட்டுக்காரரை இழந்த பெண்களுக்கு எங்க கம்பெனியில ஒரு திட்டம் இருக்குது. கோர்ஸ் முழுக்க இலவசம். அண்ணியைச் சேர்த்துடட்டுமா? அத்தாட்சி எதுவும் வேணாம். துக்கத்துல இருக்கறவங்களை நாங்க தொந்தரவு பண்றதில்லை."

"அண்ணியைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, ரேவதியிடம் போய் நின்றார். "நீயாவது வேணாம்னு சொல்லிடேன்."

ரேவதி அடுப்பை அணைத்தாள். "சேர்றேன்னு சொல்லுங்க."

"ஏய்!"

"பி.எஸ்ஸி. மேத்ஸ் முடிச்ச சூட்டோட உங்களுக்குக் கட்டிக் குடுத்துட்டாங்க. மேல படிக்க வைக்கறேன்னு பொண்ணு பாக்க வந்தப்ப சொன்னீங்க. உயிரோட இருந்து செய்யலை. செத்தாவது செய்யுங்க."

வேண்டாம் என்று பூவராகவனுக்குச் சொல்ல வரவில்லை.

கல்யாணமாகிப் போன மகள் விட்டுச்சென்ற பழைய லேப்டாப்பைத் துடைத்து வைத்துக்கொண்டு ரேவதி படிக்க ஆரம்பித்தாள். முதலில் ஏதோ வீம்புக்குத்தான். போகப்போக வீம்பு போய்விட்டது. சாதம் குழைந்தது, பால் பொங்கியது. அவளுக்குத் தெரியவில்லை. பூவராகவன் வேலை முடிந்து வந்து தானே ரசம் வைத்துக்கொண்டார். ஒருநாள் காபி கேட்டதற்கு, "நீங்க எப்ப காபி கேப்பீங்கன்னு முன்கூட்டியே சொல்ல கம்ப்யூட்டர் மாடலே தேவையில்லை. எப்பவும்னு எழுதிட்டா நூத்துக்கு நூறு சரியா வருது" என்றாள்.

கடைசியில் சொந்தமாக ஒன்று செய்து காட்டச் சொன்னார்கள். அவள் குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தை எடுத்துக்கொண்டாள். தெருத்தெருவாகப் போய் எப்போது வந்தது, எவ்வளவு நேரம் வந்தது, முந்தினநாள் கரண்ட் போனதா, மழை பெய்ததா என்று எல்லாம் விசாரித்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். அது மறுநாள் எப்போது தண்ணீர் வரும் என்று சொன்னது. முதல் வாரம் தெருவே சிரித்தது. அப்புறம் ரேவதியின் வாட்ஸ்அப் வராமல் சின்ன காஞ்சிபுரத்தில் அந்தத் தெருவில் யாரும் குடத்தைத் தூக்கவில்லை.

பேட்ச்சிலேயே அவள்தான் முதலிடம். குரு போனில் துள்ளினான்.

"மேடம், உங்களை வீடியோ எடுக்க வீட்டுக்கே வர்றோம்! அதைப் பாத்துட்டு ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கம்பெனி உங்களை இன்டர்வியூவுக்குக் கூப்பிடறோம்னு சொல்லியிருக்காங்க."

பூவராகவன் நடுங்கிப்போனார். "மாட்டிக்கினா மானம் போயிடும் ரேவதி. ஊருக்குப் போறேன்னு சொல்லிடு."

"இது ஒண்ணு மட்டும் எனக்கு வேணுங்க" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் தப்பித்திருப்பார்.

"சரி. ஒரு நாள்தானே. தம்பியாவே இருந்துடறேன்."

"ஆனா ஒண்ணு. பொட்டையும் பூவையும் எடுக்கமாட்டேன். செத்தது நீங்க. நான் எதுக்கு எடுக்கணும்?"

வீடியோ எடுக்க இருவர் வந்தார்கள். குரு, கழுத்தில் அடையாள அட்டையோடு, எப்போதும் அழுதுவிடுகிறாற்போன்ற கண்களோடு ஒரு ஒல்லிப் பையன். கேமராமேன் சத்யராஜ் கனத்த ஆள். வீட்டை ஒருமுறை, பூவராகவனை ஒருமுறை பார்த்துவிட்டு, ஸ்டாண்டைப் பிரித்தார்.

ரேவதி தலை நிறையப் பூவோடும் வட்டப் பொட்டோடும் வந்து நின்றதும் குரு திகைத்தான்.

"சூப்பர் மேடம்!" என்று கைதட்டினான் குரு. "இந்தக் காலத்துப் பெண் இப்படித்தான் இருக்கணும்! அண்ணா, இதை க்ளோசப்ல எடுங்க!"

கேமரா ஓடியது. "உங்க வீட்டுக்காரரைப் பத்தி ரெண்டு வார்த்தை மேடம்."

ரேவதி ஓரக்கண்ணால் பார்த்தாள். "நல்ல மனுஷன்தான். யாரையும் ஒரு சொல் கடிஞ்சு பேசத் தெரியாது. ஆனா பயந்தாங்கொள்ளி. ஒண்ணைப் புடிக்கலைன்னு சொல்லத் தைரியம் இல்லாம ஒரு பொய் சொல்லுவாரு. அந்தப் பொய்யைக் காப்பாத்த வீட்டுல இருக்கறவங்க எல்லாம் ஓடணும்."

"அண்ணி, செத்தவரைப் பத்தி அப்படிச் சொல்லாதீங்க!" என்று பூவராகவன் குறுக்கே பாய்ந்தார்.

"அப்ப நீங்க சொல்லுங்க தம்பி சார்" என்று குரு மைக்கை அவர் சட்டையில் குத்திவிட்டான்.

பூவராகவன் ஆரம்பித்தார். "எங்க அண்ணன் தங்கம். கடையில யாரு லீவு போட்டாலும் அவருதான் ரெண்டு ஆள் வேலையைச் செய்வாரு. முட்டி வலியோட நாள் பூரா உக்காந்து எழுந்துக்கினு இருப்பாரு. வீட்டுல வந்து சொல்லிக்கமாட்டாரு. யாரும் அவரை ஒரு நாள் நல்லா இருக்கியான்னு கேட்டதில்லை..." அதற்குமேல் முடியவில்லை. நிஜமாகவே தேம்பித் தேம்பி அழுதார்.

குருவும் அழுதான். ரேவதி புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டி வலி அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அதோடு விட்டிருக்கலாம். "அண்ணன் படத்துக்கு மாலை போட்டு, மேடம் விளக்கேத்தற மாதிரி ஒரு ஷாட்" என்றான் குரு.

"அதெல்லாம் வேணாம்!" என்று ரேவதி பதறினாள்.

"படத்துக்குத்தானே, எனக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவள் காதில் கிசுகிசுத்துவிட்டு, பூவராகவன் கடை விழாவில் எடுத்த தன் படத்தை எடுத்துக் கொடுத்தார்.

"அச்சு அசல் உங்களை மாதிரியே இருக்காரு சார்!"

"ரெட்டைப் பிறவி. நான் கொஞ்சம் லேட்டு."

மாலை வாங்கத் தெருமுனைக்கு அவரேதான் ஓடினார். பூக்காரி துளசி, மாலை ஒன்றை எடுத்துக்கொண்டே, "பெருமாளுக்காண்ணா?" என்றாள்.

"இல்லம்மா... அண்ணனுக்கு."

"உங்களுக்கு ஏதுண்ணா அண்ணன்?"

அவர் காசைக் கொடுத்துவிட்டு ஓடிவந்துவிட்டார். போனைப் பூக்கூடையிலேயே வைத்துவிட்டு வந்தது தெரியவில்லை.

படத்துக்கு மாலை ஏறியது. ரேவதி விளக்கேற்றினாள். குரு கண்ணை மூடித் தலை குனிந்தான். அந்த நேரம் பார்த்து, போனைக் கொடுக்க வந்த பூக்காரி துளசி உள்ளே எட்டிப் பார்த்தாள். மாலை போட்ட படம். விளக்கு.

"ஐயோ அண்ணா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அலறினாள். "இப்பதானே மாலை வாங்கிக்கினு போனீங்க! அதுக்குள்ள எப்படிண்ணா?"

பக்கத்திலேயே பூவராகவன் நின்றிருந்தார். துளசி அவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். அழுகை நின்றது.

"இன்னாண்ணா இது? உங்க படத்துக்கு நீங்களே மாலை வாங்கிப் போட்டுக்கினீங்களா?"

குரு மெதுவாகத் தலையைத் தூக்கினான். "அப்ப... தம்பி?"

"தம்பியாவது? இவரு ஒத்தைப் புள்ளைப்பா!" என்றாள் துளசி.

ரேவதிதான் முன்னால் வந்தாள்.

"தப்பு எங்க மேலதான் சார். சர்டிஃபிகேட்டை எடுத்துக்கங்க. வேலையும் வேணாம். ஆனா மார்க்கெல்லாம் நான் வாங்குனது. அதை மட்டும் பொய்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"எல்லாம் என்னால" என்றார் பூவராகவன் குருவைப் பார்த்து. "அந்த கோர்ஸ் எனக்கு வேணாம்னு அன்னைக்கே உங்கிட்ட சொல்லியிருக்கணும் தம்பி. எனக்கு வேணாம்ப்பா." வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லிவிட்டார்.

குரு அப்படியே நாற்காலியில் சரிந்தான். "நான் இவருக்காக ஒரு வாரம் சரியாச் சாப்பிடலை அண்ணா" என்றான் சத்யராஜிடம், குழந்தை மாதிரி.

சத்யராஜ் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.

"மூஞ்சியைத் தொடைச்சுக்கினு வா குரு, மீதியை எடுத்துடலாம். இந்த இலவசத் திட்டத்துல இதுவரைக்கும் நாம போன எல்லா வீட்லயும், செத்துப்போனவருதான் எனக்கு டீ போட்டுக் குடுத்தாரு."