சகலையின் மாவுக்கட்டும் என் வலது காலும்

சேசு மரி சூசை துணை

பினாங்கு, டத்தோ கிராமாட்
1933, பாஸ்கு கழிந்த வாரம்

பத்து காவான் தோட்டத்தில் பெரிய கிராணியாராக விளங்கும் மூத்த மைத்துனர் ஞானப்பிரகாசம் அவர்களுக்கு, தங்கள் தங்கை அமலம்மாளைக் கைப்பிடித்த பாக்கியசாமி அநேக தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் அமலம் சுகம், கோழிகள் சுகம், சர்வேசுரன் கிருபையால் என் உடம்பும் கணுக்காலுக்கு மேலே சுகம். கணுக்காலுக்குக் கீழே உள்ள சமாசாரத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாயிருக்கும் சேதியை எழுதவும்.

விஷயம் இதுதான். தங்கள் சின்னத் தங்கை ஐரீனின் புருஷன், அதாவது என் சகலை வில்லியம், இப்போது என் வீட்டில் என் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறார். அவரைத் தாங்கள் நேரில் வந்து படகேற்றி அழைத்துப் போய்த் தங்கள் தோட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டத்துக் காற்று எலும்புக்கு நல்லது என்று கேள்வி. நல்லதில்லை என்றாலும் பாதகமில்லை, அழைத்துப் போங்கள். ஏன், எதற்கு என்று கேட்பீர்கள். பொறாமை என்று அமலம் சொல்லுவாள். பொறாமைதான் மச்சான், இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் காரணம் இல்லாத பொறாமை இல்லை.

ஆரம்பம் அந்தப் பாட்டுப்பெட்டியில். தபசுகாலம் பிறப்பதற்கு முன்னே வில்லியம் ஒரு கிராமபோன் வாங்கினார். வாங்குகிறவர் வாங்கிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டாமா, சொந்தபந்தம் எல்லாரையும் கூப்பிட்டுப் பிரியாணி போட்டு, ரிக்‌ஷாவிலிருந்து பெட்டியை இறக்குவதையே ஒரு தேர்த்திருவிழா மாதிரி ஆக்கிவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து தூக்கப் போனார்கள். அமலம் என் காதில் படும்படியாகவே, வில்லியம் தம்பிக்கு எல்லாத்துலயும் ஒரு நேர்த்தி என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா? தள்ளுங்கப்பா என்று சொல்லி ஒற்றை ஆளாகத் தூக்கிவிட்டேன். தூக்கினதெல்லாம் சரி, வைக்கிற இடத்தில்தான் என் வலது பாதம் இருந்தது. உயிர் உச்சிக்கு ஏறிற்று. அத்தனை பேரும் ஐயையோ என்று ஓடி வந்தார்கள் மச்சான், ஓடி வந்து பெட்டியைத் தடவிப் பார்த்தார்கள். ஊசி ஒடியவில்லை, மூடி நெளியவில்லை, சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று சொல்லிப் பாட்டு வைத்தார்கள். என்னை ஒரு நாய் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்காமல் ஒற்றைக் காலில் நின்றபடி பிரியாணி தின்றுவிட்டு வந்தேன்.

அன்று பிடித்த வலி. காலையில் தரையில் பாதம் வைத்தால் கண்ணாடித்தூளை மிதிக்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வரும்போது செருப்பு வார் அறுக்கும். பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வீக்கம் இரண்டாம் நாளே வற்றிப் போயிற்று, பாழாய்ப்போன பாதம் எனக்குத் துணைக்கு நிற்காமல் ஊரார் பக்கம் சேர்ந்துகொண்டது. ஒரு மருந்துக்கடை டிரஸர் பார்த்துவிட்டுச் சுளுக்கு என்றான். பக்கத்து வீட்டு நோர்மா அக்கா எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து, சாபார், சாபார் என்று பொறுமையை எனக்கு உபதேசித்துக்கொண்டே தன் பொறுமையை விட்டு இழுத்த இழுப்பில் மூன்று தெருக் கோழிகள் கத்தின. அதன்பிறகு வலி இரட்டிப்பாயிற்று. அமலத்திடம் சொன்னால், செருப்பை மாத்துங்க என்பாள். வேறு வைத்தியம் அவளிடம் கிடையாது.

இப்படி நான் நம்புவார் இல்லாமல் நொண்டிக்கொண்டிருக்கையில், தபசுகாலத்து முதல் வாரம், வில்லியம் தெருவோரத்து லோங்காங்கில் விழுந்தார். மீன் வாங்கப் பாசாருக்குப் போனவர், நடக்கிற வழியைப் பார்க்காமல் மீனின் செவுளைப் பார்த்துக்கொண்டே வந்து சாக்கடையில் காலை விட்டார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் முதல் வாரம் கேட்டவர்களுக்கு ஒரு ரிக்‌ஷா வந்து இடித்ததாகச் சொன்னார். இரண்டாம் வாரம் ரிக்‌ஷாவுக்கு முன்னால் ஒரு கிழவி வந்து சேர்ந்தாள். நான்காம் வாரம் அந்தக் கிழவியை அவர் காப்பாற்றிவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கிழவி கையில் ஒரு குழந்தையும் இருந்திருக்கும். அவருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், பாதத்திலிருந்து முழங்கால் மட்டும் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தக் கட்டைப் பார்க்க வேண்டுமே மச்சான், புதுமணப்பெண் மாதிரித் தலையணைமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சு கொண்டுவந்தார்கள், பிஸ்கோத்து டின் கொண்டுவந்தார்கள். நானும்தான் போனேன், வலிக்கிற காலோடு நடந்தே போனேன். உட்கார நாற்காலி இல்லை, எல்லாவற்றிலும் ஆரஞ்சு இருந்தது.

அதோடு போயிற்றா? மாமிசம் தொடக்கூடாத தபசுகாலத்திலும், எலும்பு கூடவேண்டும் என்று ஆட்டுக்கால் சூப்புக் குடிக்க நம் கோவில் சுவாமியார் வில்லியத்துக்கு உத்தரவு கொடுத்துவிட்டார். சூப்பு வைக்கிற பக்குவம் ஐரீனுக்கு வராது என்று தங்கள் மூத்த தங்கை நம் வீட்டு அடுப்பில் வைத்துத் தூக்குப்போணியில் தினம் எடுத்துக்கொண்டு போனாள். போனால் பொழுது சாயத்தான் வருவாள். எனக்குத் தபசுகாலத்துக் கஞ்சியும் கருவாடும். எலும்பு எனக்கும் உண்டு, அது ஒடிந்தும் இருந்தது, ஆனால் சூப்பின் வாசனை மட்டும் என் மூக்கு வழியாகப் போய் அவர் வாயில் விழுந்தது. அமலம், என் காலும் நோகுது என்று ஒருநாள் சொன்னேன். அவள் போணியை மூடிக்கொண்டே, பாவம் வில்லியம் தம்பிக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லையாங்க என்றாள். வயிறு எரிந்தது மச்சான், சொல்லிவிட்டேன்.

இதில் ஒரே ஒரு ஆறுதல் எனக்கு இருந்தது. பெரிய வியாழக்கிழமை நம் கோவிலில் சுவாமியார் பன்னிரண்டு பேர் பாதத்தைக் கழுவித் துடைத்து உதட்டால் முத்தி செய்கிற சடங்கு தங்களுக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டு நாற்காலியில் ஒன்று கிடைப்பது லேசா? இருக்கிற அப்போஸ்தலர் ஒருவர் செத்தாலோ கப்பலேறிச் சீமைக்குப் போனாலோதான் இடம் காலியாகும். நான் கலியாணமான காலத்திலிருந்து காத்திருக்கிறவன். சவரிமுத்து தாத்தா மோட்சம் போனதும் எனக்குத்தான் என்று இருந்தபோது, கோவில் காரியம் பார்க்கிற உபதேசியார் அதைத் தூக்கி வில்லியத்துக்குக் கொடுத்தார். அந்த வில்லியத்துக்குத்தான் இப்போது மாவுக்கட்டு. சர்வேசுரன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்தது பாவமென்று பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், அதனால் இங்கே சொல்வதில் தப்பில்லை.

பெரிய வாரம் திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே யாழ்ப்பாணத்து டாக்டர் அப்புத்துரையிடம் போனேன். அவர் அமுக்கிப் பார்த்த மாத்திரத்தில் எக்ஸ்ரேக்கு அனுப்பினார். படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பாதத்து நடு எலும்பு இரண்டு வெடித்து, நான் நடந்த நடையில் கோணலாக ஒட்டிக்கொண்டு வருகிறதாம். “ரெண்டு மாசமா இந்தக் காலோட என்னெண்டு ஐசே நடந்தனீர்?” என்று கேட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது மச்சான். வலியால் இல்லை, சந்தோஷத்தால். வில்லியத்துக்கு ஒன்று, எனக்கு இரண்டு! அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். உடனே மாவுக்கட்டுப் போடவேண்டும், மறுநாளே வா என்றார். ஆகா என்று சொல்லிப் படத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தால், வாசலில் உபதேசியார் நிற்கிறார். இந்த வருஷம் வில்லியத்தின் நாற்காலியில் நீங்கள்தான் உட்காரவேண்டும் என்கிறார்.

என் நிலைமையைத் தாங்கள் யோசித்துப் பாருங்கள். கழுவுவது வலது பாதம். ஒடிந்ததும் வலது பாதம். கட்டுப் போட்டுக்கொண்டால் ஊர் நம்பும், அமலம் நம்புவாள், சூப்பு எனக்கும் வரும், ஆனால் நாற்காலி போய்விடும். நாற்காலியில் உட்காரவேண்டுமானால் எலும்பு ஒடிந்ததை ஒரு குஞ்சுக்கும் சொல்லக்கூடாது. இரண்டு மாதமாக எதை நம்பச் சொல்லி ஊரெல்லாம் புலம்பினேனோ, அது கையில் ருசுவாகக் கிடைத்த அன்றே அதைப் பாயின் அடியில் ஒளித்து வைத்தேன். டாக்டரிடம் போய் சனிக்கிழமை கட்டலாம் என்றேன். அவர் சைவர். காரணத்தைக் கேட்டுவிட்டு, “உம்மட சாமியார் காலைக் கழுவட்டும், நீர் அந்தக் காலால நடக்காம இரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அமலம் ஆச்சரியப்படும்படி நான் புலம்புவதையே விட்டுவிட்டேன். பார்த்தீங்களா, செருப்பை மாத்தினதும் சரியாப் போச்சு என்றாள்.

பெரிய வியாழன் வந்தது. செங்கல்லால் குதிகால் தேய்த்து, நகம் வெட்டி, புது வேட்டி கட்டி, நிமிர்ந்த நடையாய்ப் போய் உட்கார்ந்தேன். வில்லியத்தை நான்கு பேர் சாய்வுநாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள், கோவில் சுரூபத்தைக் கொண்டுவந்த மாதிரி. பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் அங்கே திரும்பிற்று, அமலத்தின் தலையும்தான். இருக்கட்டும், இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பக்கம் திரும்பும் என்று இருந்தேன். திரும்பியது. சுவாமியார் ஒவ்வொரு பாதமாய்க் கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார். தண்ணீர் ஊற்றினார், ஜில்லென்று சுகமாய் இருந்தது. துண்டால் துடைத்தார், பொறுத்துக்கொண்டேன். முத்தி செய்தார். செய்துவிட்டு எழுந்திருக்கவேண்டும். தாட்டியான மனுஷர், வயசும் ஆயிற்று, முழங்காலில் இருந்து எழ ஊன்றிக்கொள்ள எதையாவது பிடிக்கவேண்டும். பிடித்தது என் பாதத்தின் நடுமத்தியை. மச்சான், மணிகூட அடிக்காத நாள் அது. அந்த நிசப்தத்தில் நான் விட்ட சத்தம் அக்கரையில் பாகான் டாலாம் வரைக்கும் கேட்டிருக்கும். கால் தானாக உதறியது, செம்பும் தாம்பாளமும் பீடத்தடியில் உருண்டன, சுவாமியார் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அமலம் செய்ததைச் சொல்லவேண்டும். பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து, எல்லார் முன்னாலும் ஓடிவந்து, பீடத்துக் கிராதியைத் தாண்டி உள்ளே வந்து என் பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தொட்டுப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. “இத்தனை நாளா ஏங்க சொல்லல?” என்று அழுதாள். ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன் என்றேன். “நீங்க எப்பவும்தான் எதையாவது சொல்லிக்கிட்டு இருக்கீங்க, அதுல எதை எடுக்கிறது, எதை விடுறது?” என்றாள். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது.

இப்போது எனக்கும் மாவுக்கட்டு. வில்லியத்தின் கட்டைவிட அரை விரற்கடை தடிமன் கூட, கேட்டுத்தான் போட்டுக்கொண்டேன். இனிமேல் நமக்குத்தான் ராஜயோகம் என்று இருந்தேன். ஆனால் தங்கள் தங்கை, ரெண்டு வீட்டுக்கு ஓட என்னால முடியாது என்று சொல்லி, ஐரீனையும் வில்லியத்தையும் பாட்டுப்பெட்டியையும் இங்கேயே வரவழைத்துவிட்டாள். அவர் கட்டில் வாசலுக்குப் பக்கம். வருகிற ஆரஞ்சு முதலில் அங்கே இறங்குகிறது. சூப்பும் அவருக்கு ஊற்றிய பிறகுதான் எனக்கு, பாத்திரம் போகிற வழியாம். என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் கிழவி கதையைச் சொல்லிவிடுகிறார். என் கதையில் கிழவி இல்லை, பாட்டுப்பெட்டிதான் இருக்கிறது, அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆகையால் மச்சான், இந்தக் கடிதம் கண்டவுடன் மறு படகில் புறப்பட்டு வந்து இவரை அழைத்துக்கொண்டு போகும்படி இரண்டு கையும் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் சர்வேசுரன் உறுதியான எலும்புகளையும், அவற்றை நம்புகிற சொந்தக்காரர்களையும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
ஒரு கால் குறைந்த தங்கள் மைத்துனன்,
பா. பாக்கியசாமி

பின்குறிப்பு: எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தால் மன்னிக்கவும், இதை மட்டும் நான் படுத்தபடி என் கையால் எழுதுகிறேன். மேலே உள்ளதெல்லாம் நான் சொல்லச் சொல்ல வில்லியம் எழுதியது. காலைத் தூக்கி வைத்தபடி என்னால் எழுத முடியவில்லை, வீட்டில் சும்மா இருக்கிற ஆள் அவர் ஒருவர்தான். கையெழுத்தைப் பார்த்து மெச்சிவிடாதீர்கள். அவரைத் திட்டின இடங்களில் இன்னும் அழகாக எழுதியிருக்கிறார். ஆனால் கடைசி வரியை எழுதி முடிக்கும்போதுதான் நான் ஒன்றைக் கண்டேன். கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிவிட்டு மற்றக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டினது வலது கால், மச்சான். கட்டு இடது காலில். இத்தனை நாளும் அந்தக் கட்டையே முறைத்துப் பார்த்தவன், அது எந்தக் கால் என்று பார்க்கவில்லை. கழுவுவது வலது பாதம்தானே, நீ ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றார். விடாமல் கேட்டதும், “உபதேசியார்கிட்ட நான்தாண்ணே சொன்னேன், இந்த வருசம் அண்ணன் உக்காரட்டும்னு. நீங்க எத்தனை வருசமாப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க” என்றார். அதையும் எழுது என்றேன். எழுத மாட்டேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவரை அழைத்துப் போகத் தாங்கள் வரவேண்டாம், இங்கேயே இருக்கட்டும். ஆனால் மச்சான், விட்டுக்கொடுக்கிற பெருமையையாவது அந்த மனுஷன் ஒருதரம் எனக்கு விட்டுக்கொடுத்திருக்கக் கூடாதா?