ராஜபார்ட் உட்கார்ந்த ஸ்டூல்

முகங்களைப் படம் பிடித்துப் பிழைப்பவள் நான். எனக்கு முகங்கள் அடையாளம் தெரியாது. இந்த உண்மையை விசிட்டிங் கார்டில் அச்சடிக்கவில்லை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கு மட்டும் தெரியும்.

இப்போது பாடகர்கள், கபடி வீரர்கள், ஒன்றிரண்டு சினிமாக்காரர்கள் என்று பலரை எடுத்துவிட்டேன். ஆனால் என் முதல் பிரபலம் ராஜபார்ட் சிங்கராஜா. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா என்றால் நாடகம். நாடகம் என்றால் முருகன் வேடத்தில் அவர்தான். அறுபதை நெருங்கியும் மேடையில் வள்ளியைத் துரத்திக்கொண்டிருந்தார். அவருடைய நாற்பதாண்டு நாடக வாழ்க்கைக்குச் சிறப்பு மலர் போடுகிறார்கள், அட்டைப்படத்தை நீ எடு என்று பழங்காநத்தம் பிளக்ஸ் கடை அண்ணன் சொன்னார். கல்லூரி நாட்களில் அவர் கடையில்தான் பகுதிநேரமாக டிசைன் வேலை பார்த்தேன்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். (விஸ்காம் பட்டச் சான்றிதழை அப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் பொட்டு உண்டு.) மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் அவருக்கு, படித்த பிள்ளை கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவது பிடிக்கவில்லை.

"இந்தப் படம் அட்டையில வந்துச்சுன்னா உன் இஷ்டம். வரலைன்னா பேங்க் பரீட்சைக்குப் படிக்கணும். சரியா?"

சரி என்றேன். புத்தகத்தைக்கூட வாங்கி வைத்துவிட்டார். கணக்கைப் பார்த்தாலே எனக்குக் காய்ச்சல் வரும்.

படம் எடுக்கும் அன்று எங்கள் வீட்டு முன்னறைக் கட்டிலைத் தூக்கி நிறுத்தி, கறுப்புத் துணி கட்டி, லைட்டுகளை வைத்தேன். அம்மா பட்டுச்சேலையில் அடுப்படியில் நின்றாள். அப்பா புது வேட்டி கட்டி, காருக்கு வழிகாட்டத் தெருமுனைக்குப் போய்விட்டார்.

பதினொரு மணிக்கு வர வேண்டியவர். பத்தேகாலுக்கே கட்டம் போட்ட சட்டை, வழுக்கை, சின்னத் தொப்பையுடன் குள்ளமான ஒருவர் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றார்.

"போட்டோ எடுக்குறது இங்கதான?"

"ஆமாண்ணே. பெட்டிய அந்த மூலையில வைங்க. சார் எப்ப வாராரு?"

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "வந்துருவாரு தாயி."

பெரிய ஆள் வருவதற்குள் வேறொருவரை உட்கார வைத்து லைட்டைச் சரிபார்ப்பது எங்கள் தொழில் வழக்கம். பெட்டி தூக்கி வந்தவர்தானே என்று அவரையே ஸ்டூலில் உட்காரச் சொன்னேன்.

"இப்படி உக்காந்தாப் போதுமா?"

"தாடையத் தூக்குங்கண்ணே. இன்னும். பரவால்ல, உங்க சாருக்கும் ரெட்டைத் தாடைதான். வெளிய யாருக்கும் தெரியாது."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

கேட்டிருக்கக் கூடாது. நான் பெருமையில் மிதந்தேன். "மூணு வருசமா அவரு பிளக்ஸ் எல்லாம் நான்தானே பண்ணேன்! ஒரு பழைய போட்டோவக் குடுத்துட்டு, ஒவ்வொரு திருவிழாவுக்கும் இன்னும் சின்னப் பையனாக்குன்னுவாங்க. தாடையில பாதிய வெட்டுனேன். தொப்பைய மயிலுக்குப் பின்னால ஒளிச்சேன். மூக்கோரத்துல மிளகு மாதிரி ஒரு மரு, அதை அழிச்சேன்."

"அம்புட்டும் நீயா?"

"முடிகூட நான் வச்சதுதாண்ணே."

கேமரா வழியாகப் பார்த்தேன். "அட, உங்களுக்கும் அதே எடத்துல மரு!"

"ஒரே நாடக செட்டுல இருக்கோம்ல. ஒட்டிக்கிச்சு போல."

(இதற்குப் பிறகும் எனக்கு உறைக்கவில்லை. பட்டம் வாங்கியவள்.)

"நடிப்பாவது பரவாயில்லையா?" என்றார் மெதுவாக.

"நடிப்பெல்லாம் சரிதான். ஆனா முருகன் துரத்துறப்ப, பாவம் வயசாச்சேன்னு வள்ளி நின்னு நின்னு ஓடுது."

அவர் வயிறு குலுங்க, அறை அதிரச் சிரித்தார். லைட் அருமையாக விழுந்திருந்தது. கைப்பழக்கத்தில் ஒன்று எடுத்தேன்.

அடுப்படியில் கரண்டி விழும் சத்தம் கேட்டது. அம்மா ஓடி வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் திருவிழா மைக்செட்டில் அந்தக் குரலைக் கேட்டே வளர்ந்தவள்.

"ஏடி கூறுகெட்டவளே! சிங்கராஜா அண்ணன ஸ்டூல்ல உக்கார வச்சு என்னடி பேசிக்கிட்டிருக்க?"

தாடையைப் பார்த்தேன். தொப்பையைப் பார்த்தேன். மருவைப் பார்த்தேன். மூன்று வருடங்களாக நான் அழித்ததெல்லாம் ஒன்றுகூடி ஸ்டூலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து அப்பா வியர்வையோடு உள்ளே வந்தார். "இன்னும் காரக் காணோம்! எவனோ ஒருத்தன் மொபட்ட நடுவுல நிறுத்த வந்தான். சார் கார் வருது, சாக்கடை ஓரமாத் தள்ளுடான்னு வெரட்டி விட்டேன்."

"அது என் வண்டிதாண்ணே," என்றார் சிங்கராஜா.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாமல் மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

அதன்பின் சிங்கராஜா பெட்டியைத் திறந்து, பவுடர் பூசி, கிரீடம் வைத்து முருகனாக உட்கார்ந்தார். இருநூறு படமாவது எடுத்திருப்பேன். ஒவ்வொன்றிலும் காலண்டர் முருகன் விறைப்பாக இருந்தார். அலமாரியிலிருந்து பேங்க் பரீட்சைப் புத்தகம் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

கேமராவை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவர், முதல் படத்தில் நின்றார். கட்டம் போட்ட சட்டை, திறந்த வாய், ரெட்டைத் தாடை.

"இதப் போடு."

"சார், அது லைட் பாக்க எடுத்தது..."

"அண்ணேன்னே சொல்லு. சார் இன்னும் வரலை."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் பெட்டியைப் பூட்டிக்கொண்டே சொன்னார்: "ஒன்னு சொல்லிட்டேன். மறுபடி மருவுல கை வச்ச, உங்கப்பா சாக்கடையில தள்ளுன கதைய ஊர் ஊரா மைக்குல சொல்லிருவேன்."

மருவோடுதான் அட்டை வந்தது. வெளியீட்டு விழாவில் இரண்டு ரசிகர்கள் பிளக்ஸ் கடை அண்ணனைப் பிடித்து, "ஆள மாத்திப் போட்டுட்டீங்களே" என்று சண்டைக்குப் போனார்கள். பிறகு பெயரைப் பெரிதாக அச்சடித்து எல்லாப் பிரதியிலும் ஒட்டினோம். பேங்க் பரீட்சைப் புத்தகத்தை அப்பா பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார். அவள் பாஸாகிவிட்டாள் என்பதை மாதம் ஒருமுறை நினைவூட்டுவார். சாக்கடை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் வாயை மூடிக்கொள்வார்.

ஆனால் அம்மாவை மட்டும் எங்களால் அடக்க முடியவில்லை. வாசலில் யார் வந்து நின்றாலும், என்னையும் அப்பாவையும் கதவுப் பக்கம் விடுவதில்லை. போன வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பட்டு வேட்டியில் ஆறு பேர் நின்றார்கள். அம்மா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்:

"மாப்பிள்ளைய முதல்ல ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க. இல்லைன்னா எம் மக அவரையும் பெட்டி தூக்க விட்டுருவா!"