நேர்கோட்டுத் தூரம்

கிளின்ரன் ஆறரைக்கு எழுந்தான். பல் விளக்கினான். முட்டை அவித்தான். நான்கு வயது மகள் பெனிற்றா வெள்ளையைத் தின்றாள், மஞ்சளை அவன் தின்றான். அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டான். இடது பின்னல் வழக்கம்போல ஓர் அங்குலம் மேலே நின்றது.

ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. அதுவும் வழக்கம்தான். மனைவியின் தங்கை கிளறிற்றா.

"அத்தான், எழும்பியாச்சோ?"

"ஓம்."

"இண்டைக்குக் கவுன்சிலுக்குப் போன் அடியுங்கோ. பள்ளிக்கூட அலுவல்."

மனைவி அஞ்சலீனா வசந்தத்தில் இறந்திருந்தாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த பிறகும் கிளின்ரன் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான். அது அமைதியான சுவர். அப்போதுதான் கிளறிற்றா வந்து அக்காவின் கடைசி ஆசையைச் சொன்னாள்: பெனிற்றா குளத்துக்கு அப்பாலிருக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். அஞ்சலீனாவின் கடைசி நிமிடத்தில் கிளின்ரன் ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்தில் நின்றிருந்தான். கட்டிலருகே இருந்தவள் கிளறிற்றா மட்டும்தான். மறுநாள் அவன் எழுந்துவிட்டான்.

இப்போது நவம்பர். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜனவரி பதினைந்து.

நகரசபையான கவுன்சிலின் பள்ளி அனுமதிப் பிரிவில் தொலைபேசியை லக்ஷ்மிப்ரியா எடுத்தாள். மதுரைக்காரி. அவனுடைய ஆங்கிலத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"ஸ்கூல் நடத்துறது நாங்க இல்ல சார். எல்லார் ஃபாரமும் வாங்கி, அந்தந்த ஸ்கூல் ரூல்படி எந்தக் குழந்தைக்கு எங்க இடம்னு சொல்றதுதான் எங்க வேலை. செப்டம்பர்ல ஒரு குழந்தைகூட நாற்காலி இல்லாம நிக்கக் கூடாது."

"எங்கட வீடு தூரமோ?"

"முக்கால் மைல். போன வருஷம் அரை மைலோட இடம் முடிஞ்சிருச்சு. நேர்கோடா அளப்போம். வீட்டு வாசல்ல இருந்து ஸ்கூல் கேட்."

"நடுவில குளம் இருக்கு."

"கோடு நனையாது சார்."

அன்று மாலை அவன் மகளோடு அந்தக் கோட்டைப் பார்க்கப் போனான். எங்கும் பனிமூட்டம். கோடு கூரைகளுக்கும் ட்ராம் கம்பிகளுக்கும் மேலாகப் போனது. குளத்தில் ஓர் அன்னம் அதன் கீழே தூங்கியது. பெனிற்றா கையை நீட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அந்தப் பக்கம் ஆர் பிடிச்சிருக்கினம்?"

"கவுன்சில்."

அடுத்த நாள் ஏழு மணிக்குக் கிளறிற்றா சொன்னாள்: "அப்ப என்ர வீட்டுக்கு வாங்கோ. இங்கயிருந்து கால் மைல்தான்."

இரண்டு பெட்டிகளோடு போனான். கவுன்சிலுக்குப் புது முகவரி கொடுத்தான்.

"தூரம் சரியாயிருச்சு சார்," என்றாள் லக்ஷ்மிப்ரியா. "ஆனா அது சர்ச் ஸ்கூல். முதல்ல பங்கு, அதாவது எந்த சர்ச் எல்லைக்குள்ள இருக்கீங்கன்னு பார்ப்பாங்க, அப்புறம்தான் தூரம். எல்லை உங்க புது வீட்டு ரோட்டு நடுவுல போகுது. நீங்க இப்ப வேற பங்கு. பழைய வீடுதான் சரியான பங்கு, சாமியார் கடிதம் இருந்தா முக்கால் மைலும் பரவாயில்ல."

"அப்ப திரும்பிப் போங்கோ," என்றாள் கிளறிற்றா. "பங்குச் சுவாமியிட்டக் கடிதம் எடுங்கோ."

திரும்பிப் போனான். ஒரு பெட்டி காரிலேயே தங்கிவிட்டது.

பங்குச் சுவாமி அயர்லாந்துக்காரர். கிளின்ரன் கிறிஸ்தவன்தான், ஆனால் மாதம் ஒரு முறை வேறு பங்கில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு மட்டும் போகிறவன். சுவாமி அவனை நெடுநேரம் பார்த்தார்.

"உன் மனைவியைத் தெரியும். குழந்தையையும் தெரியும். நீ கோயிலுக்கு வெளியே காரில் இருப்பவன்."

"ஓம், சுவாமி."

"உள்ளே வா. பிறகு கையெழுத்துப் போடுகிறேன்."

"பாடற்குழுவில சேருங்கோ," என்றாள் கிளறிற்றா. சேர்ந்தான். இரண்டாம் ஞாயிறு சுவாமியே வந்து, பாடாமல் நிற்க ஓர் இடம் இருக்கிறது என்றார். கிறிஸ்மஸ் நாடகத்தில் கிளின்ரன் வாடகைக் கழுதை ஒன்றின் அருகே சூசையப்பராக நின்றான். கழுதை அவன் மேலங்கியின் ஓரத்தை மெல்ல மெல்லத் தின்றது. அவன் தடுக்கவில்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல இருந்தது.

சுவாமி கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி பத்தாம் தேதி லக்ஷ்மிப்ரியா அழைத்தாள். "ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை வீடு மாறியிருக்கீங்க. சந்தேகப் பட்டியல்ல வந்துட்டீங்க சார். நானே நேர்ல பார்க்க வர்றேன்."

அவள் வந்தபோது கிளறிற்றாவும் இருந்தாள், பெனிற்றாவின் இடது பின்னலை அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டு. லக்ஷ்மிப்ரியா பல்துலக்கிகளை எண்ணினாள், கட்டில்களைப் பார்த்தாள், குறித்துக்கொண்டாள். பிறகு ஜன்னலருகே போய் நின்றாள்.

"எதிர்ல தெரியுறதும் ஸ்கூல்தானே சார்?"

"ஓம்."

"நல்ல ஸ்கூலாச்சே. இங்கிருந்து கோடே போட வேண்டாம், எட்டி வச்சா உள்ள. வருஷா வருஷம் இடம் மிச்சம் இருக்கும். ஏன் சார் இந்த அலைச்சல்?"

"நான் அங்கதான் போவன்," என்றாள் பெனிற்றா. "அங்க முயல் இருக்கு."

கிளின்ரன் நிலத்தைப் பார்த்தான். "ஏலாது. அது இவளின்ர அம்மாவின்ர கடைசிச் சொல்லு."

கிளறிற்றாவின் கை பின்னலில் நின்றது.

"அத்தான்," என்றாள். "அக்கா பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒண்டுமே சொல்லேல்லை."

"அப்ப என்ன சொன்னவ?"

"'இந்த மனுசனுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு அலுவல் குடு, கிளறிற்றா. சுறுக்கா முடியிற அலுவல் மட்டும் குடுத்திடாதை.'"