பலகை இருந்தால் சிவப்புப் பேருந்து

காலை எட்டு மணிக்கு ஹால்வாரின் கைப்பேசி அடித்தது. பேருந்து ஓட்டுநர் எகில், எல்க்மோ காட்டிலிருந்து.

"வேடிக்கை பாக்க வந்தவங்களை இறக்கி விட்டுட்டேன். ஆனா எல்லாரும் ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்காங்க. உடம்போட ஒட்டுன சட்டை. நெருப்புகிட்ட நடுங்கிக்கிட்டே, பந்தயம் எங்க தொடங்குதுன்னு கேக்குறாங்க."

ஹால்வார் ஸ்கார்லி பேருந்து நிலையத்தில், பொறுப்பாளருக்கான மஞ்சள் மேலங்கியோடு, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். மைனஸ் பதினெட்டு. இதமான காலை.

எங்கள் பனிச்சறுக்குப் பந்தயம் மலைமேல் ஹோக்செத்தில் ஒன்பது மணிக்குத் தொடங்கி, காட்டைச் சுற்றி இறங்கி, ஸ்கார்லியில் முடியும். பார்வையாளர்கள் பாதி வழியில், எல்க்மோவில், நெருப்பு மூட்டி சாசேஜ் சுடுவார்கள். வருடா வருடம் ஊர்க்காரர்களே ஜெயிப்பார்கள். மலைக்காற்று என்று சொல்லிக்கொள்வோம்.

போக்குவரத்தைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டவர் ஆஸ்முண்ட். கோட்டுப் பையிலிருந்து கையை எடுக்காமல், "எதுலயாவது ஏறுங்க" என்பார், அவ்வளவுதான். அத்தனை வருடத்திலும், துவக்கக் கோட்டருகே தொங்கும் புகார்ப்பெட்டியில் ஒரு கடிதம்கூட விழுந்ததில்லை. கடற்கரையிலிருந்து வந்து குடியேறி மூன்றே வருடமான ஹால்வார், ஆண்டுக்கூட்டத்தில் எழுந்து, இதைவிட ஒழுங்காகத் தன்னால் நடத்த முடியும் என்று சொல்லிவிட்டான். கூட்டம் மேலங்கியை அவனிடம் கொடுத்தது. பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தாலும் மேலங்கியைத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை.

அவன் வகுத்த விதி எளிமையானது. கையில் பனிச்சறுக்குப் பலகை இருந்தால் பந்தயக்காரர், நெஞ்சுக்கு எண் அட்டை, சிவப்புப் பேருந்து, ஹோக்செத். இல்லாவிட்டால் பார்வையாளர், நீலப் பேருந்து, எல்க்மோ.

வெளியூர்களிலிருந்து வரும் பந்தயக்காரர்கள் முந்தின நாளே தங்கள் பலகைகளை மெழுகு பூச லாரியில் மேலே அனுப்பிவிட்டார்கள் என்பதும், எங்கள் ஊரில் பால் வாங்கப் போகிறவர்கள்கூடப் பலகையோடுதான் போவார்கள் என்பதும் அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. எழுபத்தொரு வயது குன்வோர், முதுகுப்பையில் சாசேஜும் காப்பிக்குடுவையுமாகச் சிவப்புப் பேருந்தில் ஏறியபோது, அவன் நீட்டிய எண் அட்டையையும் வாங்கி நெஞ்சில் கட்டிக்கொண்டார்.

"நூத்திப் பன்னெண்டு பேரையும் நீல பஸ்ஸுங்கள்ல ஏத்திக்கிட்டு மேல போ, எகில். சிவப்பு பஸ்ஸுங்களைக் கீழ வரச் சொல்றேன்."

மேலே இருந்தவர்கள் காப்பி குடித்து முடிக்காமல் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், சிவப்புப் பேருந்துகள் காலியாகவே இறங்கின. மலைப்பாதையில் ஒரு பேருந்துதான் போகலாம். நடுவழியில் மூக்கோடு மூக்கு முட்டின. எங்கள் ஊர் ஓட்டுநர்கள் மரியாதைக்காரர்கள். "நீங்க மொதல்ல போங்க" என்று இரு பக்கமும் இருபது நிமிடம் கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஹால்வார் விடவில்லை. மெழுகு லாரிக்காரரை அழைத்து, பலகைகளைப் பேருந்து நிற்குமிடத்துக்கே கொண்டுவரச் சொன்னான். அங்கிருந்து பலகையை மாட்டிக்கொண்டு ஏறியே ஹோக்செத் போய்விடலாம். பதற்றப்படுவார்கள் என்று பந்தயக்காரர்களிடம் மட்டும் சொல்லவில்லை.

அவர்களோ காத்திருந்து அலுத்து, இறங்கி, காட்டுக் குறுக்குவழியில் மேலே ஓட ஆரம்பித்திருந்தார்கள். கால்கள் மேலே போயின. பலகைகள் கீழே வந்தன.

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்க, ஹால்வார் துவக்க அதிகாரியிடம் பத்தே பத்து நிமிட அவகாசம் கேட்டுக் கெஞ்சினான்.

"எதுக்கு? கோட்டுல ஆள் நிக்குது. கால்ல பலகை இருக்கு. நெஞ்சுல எண் இருக்கு. இன்னும் என்ன வேணும்?" என்றார் அவர். துப்பாக்கி வெடித்த சத்தம் கைப்பேசியிலேயே கேட்டது.

ஒன்பது ஐந்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பந்தயக்காரர்கள் மூச்சிரைக்க ஹோக்செத் வந்து சேர்ந்தார்கள். அங்கே ஆளில்லை, பலகையில்லை. ஒரு பெட்டி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் கயிற்றில் கட்டிய பென்சில்.

மதியம் ஸ்கார்லியின் முடிவுக்கோட்டை முதலில் தாண்டியவர் குன்வோர். முதுகுப்பையைக்கூடக் கழற்றவில்லை, குடுவையில் காப்பி இன்னும் சூடாக இருந்தது. ஊரே கைதட்டியது. ஆஸ்முண்ட் மட்டும் பையிலிருந்து கையை எடுக்காமல் தலையசைத்தார்.

புகார்ப்பெட்டியும் கீழே வந்து சேர்ந்தது. மூடி மூடவில்லை. எகில் அதன்மேல் உட்கார்ந்துதான் கொண்டுவந்தானாம்.

ஹால்வார் மேலங்கியைக் கழற்றி ஒழுங்காக மடித்தான். தப்பிக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. நேராகக் குன்வோரிடம் போனான்.

"என்னாலதான் நீங்க நாப்பது கிலோமீட்டர் ஓட வேண்டியதாப் போச்சு. மன்னிச்சுக்கங்க. ஆஸ்முண்ட் காலத்துல இந்தப் பெட்டியில ஒரு கடுதாசிகூட விழுந்ததில்ல."

குன்வோர் தான் ஜெயித்த பத்தாவது வெற்றிக்கோப்பையைப் பனியில் வைத்துவிட்டு, அவனுக்குக் காப்பி ஊற்றினார்.

"எப்படிப்பா விழும்? பத்தொம்பது வருஷத்துல, பந்தயக்காரங்களை அந்தப் பெட்டி வரைக்கும் கொண்டுவந்து சேத்த மொத ஆளே நீதானே."